பேசும் இடம், பேசா இடம்: ஈஸ்ட் செல் தன் வகையை மாற்றும் விதம்

ரொட்டி மாவை உப்பவைப்பதும், கள்ளைப் புளிக்கவைப்பதும், திராட்சைச் சாற்றை ஒயினாக்குவதும் ஒரே உயிரிதான். சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற அறிவியல் பெயர் கொண்ட அந்த ஒற்றைச் செல் பூஞ்சையை நாம் ஈஸ்ட் என்கிறோம். இதன் ஸ்போர் ஒன்றை எடுத்துச் சத்துள்ள அகார் தட்டில் தனியாக வைத்தால், அது முளைத்து, மொட்டுவிட்டு, இரண்டொரு நாளில் கண்ணுக்குத் தெரியும் கூட்டமாகப் பெருகிவிடும். அத்தனை செல்களும் ஒரே தாயின் வழி வந்தவை. வெளியிலிருந்து எதுவும் கலக்கவில்லை. அப்படியானால் அவை எல்லாமே ஒரே வகையாக இருக்கவேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இயற்கையில் கிடைக்கும் ஈஸ்ட்களில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தனி ஸ்போரிலிருந்து வளர்ந்த கூட்டத்துக்குள்ளேயே எதிரெதிரான இரண்டு வகைச் செல்கள் தோன்றி, ஒன்றோடொன்று இணைந்தும் விடுகின்றன. தாயிடம் இல்லாத வகை மகளிடம் எப்படி வந்தது? அதற்கான தகவல் எங்கே இருந்தது?

இந்தக் கேள்விக்கு டென்மார்க், ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் விடை தேடினார்கள். கிடைத்த விடை ஈஸ்ட்டோடு நிற்கவில்லை. ஒரு மரபணு செல்லுக்குள் இருக்கிறது என்பது வேறு, அது பேசுகிறது என்பது வேறு என்ற உண்மையை மிகத் தெளிவாக நமக்குக் காட்டிய உயிரிகளில் ஈஸ்ட்டும் ஒன்று.

இரண்டு வகை, ஒரு தேவை

ஈஸ்ட் செல் இரண்டு நிலைகளில் வாழும். 16 குரோமோசோம்கள் கொண்ட ஒரே ஒரு தொகுதியோடு வாழ்வது ஒற்றைமய நிலை. இரண்டு தொகுதிகளோடு வாழ்வது இரட்டைமய நிலை. ஒற்றைமயச் செல்களில் ‘ஏ’, ‘ஆல்ஃபா’ என இரண்டு இணைவகைகள் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு அவை அனுப்பும் வேதிச் சமிக்ஞையில்தான் இருக்கிறது. ஏ செல் 12 அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு மூலக்கூறை வெளிவிடுகிறது. ஆல்ஃபா செல் வெளிவிடும் மூலக்கூறில் 13 அமினோ அமிலங்கள். ஒவ்வொரு வகையும் எதிர்வகையின் சமிக்ஞையை உணரும் ஏற்பியை மட்டும் தன் மேற்பரப்பில் வைத்திருக்கும். சமிக்ஞை வந்து சேர்ந்ததும் செல் பிரிவதை நிறுத்திவிட்டு, அது வரும் திசை நோக்கிக் கூம்பி நீளும். இரண்டும் தொட்டதும் இடையிலுள்ள சுவர் கரையும், உட்கருக்கள் இணையும், இரட்டைமயச் செல் ஒன்று பிறக்கும்.

இந்த இணைவு ஈஸ்ட்டுக்கு ஏன் தேவை? உணவு தீர்ந்துபோகும் காலத்தில் இரட்டைமயச் செல் குன்றல் பகுப்பு அடைந்து, ஒரே பைக்குள் நான்கு ஸ்போர்களை உருவாக்கும். அவற்றில் இரண்டு ஏ, இரண்டு ஆல்ஃபா. வறட்சியையும் பட்டினியையும் தாங்கவல்லவை இந்த ஸ்போர்கள். ஒற்றைமயச் செல்லால் இதைச் செய்ய முடியாது. ஆகவே, துணையில்லாத இடத்தில் தனியே போய் விழும் ஸ்போருக்குத் தன் வகையை மாற்றிக்கொள்ளும் திறன் இல்லையென்றால், அதன் சந்ததி அடுத்த பஞ்சத்தில் ஸ்போர் உண்டாக்க வழியின்றித் தவிக்கும். வகைமாற்றம் ஏன் தோன்றியது என்பதற்குப் பலரும் ஏற்கும் விளக்கம் இது.

ஒரு செல் ஏ வகையா, ஆல்ஃபா வகையா என்பதை மூன்றாவது குரோமோசோமில் நடுவாக்கில் உள்ள ஒரு சிறு பகுதி முடிவு செய்கிறது. அதற்கு ‘மேட்’ என்று பெயர். ஏ செல்லின் மேட்டில் சுமார் 650 எழுத்துகள் கொண்ட ஒரு டி.என்.ஏ. துண்டு இருக்கும். ஆல்ஃபா செல்லில் அதே இடத்தில் சுமார் 750 எழுத்துகள் கொண்ட, முற்றிலும் வேறான துண்டு இருக்கும். ஆல்ஃபா துண்டு இரண்டு புரதங்களை உருவாக்குகிறது. ஒன்று ஆல்ஃபாவுக்கு உரிய மரபணுக்களை இயக்கும். மற்றொன்று ஏ வகைக்கு உரிய மரபணுக்களை அடக்கும். மேட் பகுதியை முழுவதுமாக நீக்கிவிட்டால் செல் ஏ வகையைப் போலவே நடந்துகொள்ளும். எந்தக் கட்டளையும் இல்லாதபோது ஈஸ்ட் ஏ ஆகவே இருக்கிறது. ஆல்ஃபாவாக இருக்கத்தான் கட்டளை வேண்டும்.

புதிரைத் தொட்டவர்கள்

ஈஸ்ட்டுக்கு இரண்டு இணைவகைகள் உண்டு என்பதை அமெரிக்காவில் கார்ல் லிண்டெக்ரென் 1943-ல் நிறுவினார். அவருடைய ஈஸ்ட்களில் வகை மாறவில்லை. தலைமுறை தலைமுறையாக நிலைத்திருந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஈஸ்ட் மரபியலைத் தொடங்கிவைத்த ஓய்விண்ட் விங்கே கண்டதோ வேறு. அவர் வளர்த்த தனி ஸ்போர்கள் தாமாகவே இரட்டைமயமாகிக்கொண்டிருந்தன. விங்கேயும் கேத்தரின் ராபர்ட்ஸும் 1949-ல் இந்த இரண்டு போக்குகளுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு மரபணுவின் வேறுபாடு என்று காட்டினார்கள். அதுதான் பிற்காலத்தில் ‘எச்.ஓ.’ எனப் பெயர் பெற்றது. உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஈஸ்ட்களில் பெரும்பாலானவற்றில் இந்த மரபணு பழுதாகி இருக்கிறது. வகை மாறாமல் நிற்கும் செல்கள் கிடைத்ததால்தான் ஈஸ்ட் மரபியல் ஆய்வு எளிதாயிற்று.

ஆனால் எச்.ஓ. மட்டும் போதவில்லை. ஜப்பானைச் சேர்ந்த யாசுஜி ஓஷிமா, இசாமு தகானோ இருவரும் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகைமாற்றத்துக்கு இன்னும் இரண்டு இடங்கள் தேவைப்படுகின்றன என்று கண்டறிந்தார்கள். அந்த இடங்களிலிருந்து ஏதோ ஒன்று இடம்பெயர்ந்து மேட் பகுதிக்கு வருகிறது என்று துணிந்து சொன்னார்கள். மக்காச்சோளத்தில் இடம்பெயரும் மரபணுக்களை பார்பரா மெக்ளின்டாக் கண்டு சொல்லியிருந்த காலம் அது. அந்தக் கருத்துக்கு அறிவியல் உலகில் அப்போது முழு மதிப்புக் கிடைக்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு வந்தது 1983-ல்தான். அத்தகைய சூழலில் ஈஸ்ட்டிலும் மரபணு நகர்கிறது என்று சொல்லத் துணிவு வேண்டும்.

குணமான செல்

இந்தக் கருத்துக்கு உறுதியான சோதனையை அமைத்தவர் ஐரா ஹெர்ஸ்கோவிட்ஸ். ஒரெகான் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹிக்ஸ், ஜெஃப்ரி ஸ்ட்ராதெர்ன் ஆகிய மாணவர்களோடு அவர் கேட்ட கேள்வி எளிமையானது. மேட் பகுதியில் உள்ள ஆல்ஃபா மரபணு பழுதான ஒரு செல்லை எடுத்துக்கொள்வோம். அதனால் இணைய முடியாது. அதை ஏ வகைக்கு மாறவிட்டு, மீண்டும் ஆல்ஃபாவுக்கு மாறவிட்டால் என்ன ஆகும்? மேட் பகுதியில் இருக்கும் ஒரே மரபணு, ஏ என்றும் ஆல்ஃபா என்றும் நிலை மாறுகிறது என்றால், பழுது திரும்பவும் வெளிப்பட வேண்டும்.

பழுது திரும்பவில்லை. திரும்பி வந்த ஆல்ஃபா முழு நலத்தோடு இருந்தது. பழுதான துண்டு மேட் பகுதியை விட்டே போயிருந்தது. அதன் இடத்தில் வேறெங்கிருந்தோ நல்ல பிரதி ஒன்று வந்து அமர்ந்திருந்தது. அப்படியானால் செல்லுக்குள் வேறு இடத்தில் ஏ, ஆல்ஃபா இரண்டின் முழுப் பிரதிகளும் சேமிப்பில் இருக்கவேண்டும்.

1977-ல் இவர்கள் முன்வைத்த விளக்கத்துக்குக் கேசட் மாதிரி என்று பெயர். மூன்றாவது குரோமோசோமின் இடப்பக்க முனையருகே எச்.எம்.எல். என்னும் இடத்தில் ஆல்ஃபா கேசட் இருக்கிறது; வலப்பக்க முனையருகே எச்.எம்.ஆர். என்னும் இடத்தில் ஏ கேசட் இருக்கிறது. இரண்டும் அலமாரியில் இருப்பவை, ஒலிக்காது. நடுவில் உள்ள மேட் என்பது கேசட் பிளேயர். அதில் எது போடப்பட்டிருக்கிறதோ அது மட்டுமே ஒலிக்கும். அலமாரியில் உள்ள மூலம் ஒருபோதும் வெளியே எடுக்கப்படுவதில்லை என்பது மட்டும் ஈஸ்ட்டின் தனித்தன்மை. அதன் நகல்தான் பிளேயருக்குப் போகிறது. முன்பு அங்கே இருந்த நகல் அழிக்கப்படுகிறது. அதனால் செல் எத்தனை முறை மாறினாலும் சேமிப்பு குறைவதில்லை.

சில ஆண்டுகளுக்குள் இதற்கு நேரடிச் சான்று கிடைத்தது. 1979, 1980 ஆண்டுகளில் ஹிக்ஸ், ஸ்ட்ராதெர்ன், அமர் கிளார் குழுவினரும், கிம் நாஸ்மித், கெல்லி டாட்செல் இருவரும் இந்த டி.என்.ஏ. துண்டுகளைப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். மாதிரி சொன்னபடியே மூன்று இடங்களிலும் பிரதிகள் இருந்தன. மரபியல் கணக்கால் மட்டும் ஊகித்த ஒன்றை மூலக்கூறு அளவில் கண்ணால் பார்த்த தருணம் அது.

தன்னைத் தானே வெட்டிக்கொள்ளுதல்

விங்கே கண்ட எச்.ஓ. மரபணு என்ன செய்கிறது? அது டி.என்.ஏ.வை வெட்டும் ஒரு நொதியை உருவாக்குகிறது. சுமார் 24 எழுத்துகள் கொண்ட ஒரு குறிப்பிட்ட வரிசையை அந்த நொதி தேடிப் பிடிக்கும். ஈஸ்ட்டின் முழு மரபுத்தொகுதி சுமார் 1 கோடியே 20 லட்சம் எழுத்துகள். அவ்வளவு நீளத்தில் மேட் பகுதியில் ஒரே ஓர் இடத்தில் அது டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் வெட்டிவிடுகிறது.

இரண்டு இழைகளும் அறுபடுவது செல்லுக்கு நேரக்கூடிய மிகக் கொடிய சேதங்களில் ஒன்று. சரிசெய்யாமல் விட்டால் குரோமோசோம் துண்டாகிச் செல் இறந்துபோகும். பழுதுபார்ப்பதற்கு இன்றியமையாத ராட்-52 என்ற புரதம் இல்லாத ஈஸ்ட்டில் எச்.ஓ. வெட்டினால் செல் பிழைப்பதில்லை. இத்தனை அபாயமான ஒன்றை ஈஸ்ட் தானே முன்வந்து செய்கிறது. பழுதுபார்க்கும் ஏற்பாட்டின்மீது அதற்கு அவ்வளவு பிடிமானம்.

வெட்டுப்பட்ட முனைகளை நொதிகள் சற்றே கரைத்து ஒற்றை இழையாக்குகின்றன. ராட்-51 என்ற புரதம் அந்த இழையின்மீது வரிசையாகப் படிந்து, தனக்கு இணையான வரிசை குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்று தேடச் செய்கிறது. மேட், எச்.எம்.எல்., எச்.எம்.ஆர். மூன்றின் ஓரங்களிலும் ஒரே வரிசைகள் இருப்பதால் தேடல் அங்கே போய் நிற்கிறது. இழை அந்தப் பிரதிக்குள் நுழைந்து, அதை அச்சாக வைத்துப் புது டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. பழைய துண்டு அகற்றப்படுகிறது. சுமார் ஒரு மணி நேரத்தில் ஏ செல்லின் மேட் பகுதியில் ஆல்ஃபா எழுதப்பட்டுவிடுகிறது.

எச்.ஓ. மரபணுவை கேலக்டோஸ் சர்க்கரை கொடுத்தால் மட்டும் இயங்கும்படி ஆய்வாளர்கள் மாற்றியமைத்தது பெரிய திருப்பம். குடுவையில் கேலக்டோஸைச் சேர்த்ததும் கோடிக்கணக்கான செல்களில் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் டி.என்.ஏ. வெட்டுப்படும். பிறகு நிமிடத்துக்கு நிமிடம் பழுதுபார்ப்பைப் பின்தொடரலாம். பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹேபர் தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்த ஒற்றை வெட்டைப் புரிந்துகொள்வதற்கே கொடுத்தார். அறுந்த டி.என்.ஏ. எப்படி ஒட்டுகிறது என்று இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது.

மௌனத்தின் வேதியியல்

இங்கே ஒரு புதிர் எழுகிறது. எச்.எம்.எல். இடத்தில் இருக்கும் ஆல்ஃபா பிரதி அரைகுறையானது அல்ல. மரபணு முழுதாக இருக்கிறது. அதை இயக்கும் பகுதியும் முழுதாக இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒரே வரிசை மேட்டில் பேசுகிறது, எச்.எம்.எல்.லில் பேசவில்லை. ஏன்? வரிசையில் விடை இல்லை என்றால், வரிசைக்கு வெளியேதான் அதைத் தேடவேண்டும்.

ஜாஸ்பர் ரைன், அமர் கிளார் முதலியோர் 1970-களின் இறுதியில், இந்த மௌனம் கலைந்துபோகும் பிறழ்வுகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அத்தகைய செல்லில் ஏ, ஆல்ஃபா இரண்டும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கும். செல் தன்னை இரட்டைமயம் என்று தவறாக எண்ணிக்கொண்டு இணைவதையே நிறுத்திவிடும். இப்படிக் கிடைத்த மரபணுக்கள் நான்கு. சர்-1 முதல் சர்-4 வரை அவற்றுக்குப் பெயர். மௌனமான தகவலைக் கட்டுப்படுத்துபவை என்பது அந்தப் பெயரின் பொருள்.

சர் புரதங்கள் வேலை செய்யும் இடம் குரோமேட்டின். செல்லுக்குள் டி.என்.ஏ. வெறும் இழையாகக் கிடப்பதில்லை; ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மீது சுற்றப்பட்டிருக்கிறது. ஹிஸ்டோன்களின் வால்பகுதிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் அசிட்டைல் என்ற சிறு வேதித்தொகுதி ஏறியிருந்தால் அந்தப் பகுதி பொதுவாகத் தளர்ந்து, வாசிக்கத் தக்கதாக இருக்கும். கலிஃபோர்னியாவில் மைக்கேல் கிரன்ஸ்டைன் குழுவினர் 1988-ல் எச்-4 என்ற ஹிஸ்டோனின் வாலை நீக்கிப் பார்த்தார்கள். செல் உயிரோடுதான் இருந்தது. ஆனால் எச்.எம்.எல்., எச்.எம்.ஆர். இரண்டின் மௌனமும் கலைந்துவிட்டது. ஹிஸ்டோன் வெறுமனே டி.என்.ஏ.வைத் தாங்கும் புரதம் என்ற எண்ணத்தைத் தகர்த்த சோதனைகளில் இது முக்கியமானது.

மௌனம் பரவும் முறை இப்போது நன்றாகத் தெரியும். மௌனப் பிரதிகளின் இருபுறமும் மௌனமூட்டி எனப்படும் குறுகிய டி.என்.ஏ. வரிசைகள் உள்ளன. அங்கே வந்து அமரும் சில புரதங்கள் சர் புரதங்களை அழைத்துக்கொள்கின்றன. சர்-2 பக்கத்து ஹிஸ்டோனின் அசிட்டைலை நீக்குகிறது. அசிட்டைல் நீங்கிய வாலை சர்-3, சர்-4 பற்றிக்கொள்கின்றன. அவை இன்னொரு சர்-2-ஐ இழுத்துவர, அது அடுத்த ஹிஸ்டோனின் அசிட்டைலை நீக்குகிறது. இப்படியே அடுத்தடுத்துப் போய் அந்தப் பகுதி முழுவதும் இறுகிவிடுகிறது. சம்பந்தமே இல்லாத வேறொரு மரபணுவைக் கொண்டுபோய் எச்.எம்.ஆர். இடத்தில் வைத்தாலும் அதுவும் மௌனமாகிவிடும். அங்கே முடிவெடுப்பது மரபணு அன்று, இடம்.

இந்த இறுக்கத்துக்கு இரட்டைப் பயன் உண்டு. வெட்டும் நொதி தேடும் அதே 24 எழுத்து வரிசை எச்.எம்.எல்., எச்.எம்.ஆர். இரண்டிலும் இருக்கிறது. இறுகிய குரோமேட்டினுக்குள் எச்.ஓ. நுழைய முடியாததால்தான் அங்கே வெட்டு விழுவதில்லை. சர் புரதங்கள் இல்லாத செல்லில் விழுகிறது. ஆக, மரபணுவைப் பேசவிடாமல் வைத்திருக்கும் அதே ஏற்பாடு, சேமிப்பில் உள்ள மூலப் பிரதிகளையும் காக்கிறது.

மௌனம் தலைமுறை தாண்டியும் செல்லும். லொரெய்ன் பில்லஸும் ஜாஸ்பர் ரைனும் 1989-ல் சர்-1 இல்லாத ஈஸ்ட்களை ஆராய்ந்தார்கள். மரபணு வரிசையில் ஒரு வேறுபாடும் இல்லாத அந்தச் செல்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. ஒரு கூட்டத்தில் எச்.எம்.எல். மௌனம், மற்றொன்றில் பேச்சு. ஒவ்வொரு செல்லும் தன் நிலையை மகள்களுக்குப் பல தலைமுறைகள் கடத்தியது. எப்போதாவது ஒன்று மாறியது. டி.என்.ஏ. எழுத்தில் எழுதப்படாத ஒன்றும் மரபாக இறங்கும் என்பதற்கு இதைவிடத் தூய சான்று அரிது.

எந்தப் பிரதியை எடுப்பது?

ஏ செல் வெட்டுப்பட்டதும் எச்.எம்.ஆர். பிரதியை எடுத்தால் திரும்பவும் ஏ ஆகவே இருக்கும். அத்தனை அபாயமும் வீண். ஈஸ்ட் அப்படிச் செய்வதில்லை. ஏறக்குறைய பத்தில் ஒன்பது முறை, ஏ செல் இடப்பக்கத்து எச்.எம்.எல்.லையும் ஆல்ஃபா செல் வலப்பக்கத்து எச்.எம்.ஆர்.ஐயும் தேர்கின்றன. இரண்டு கிடங்குகளின் உள்ளடக்கத்தை ஆய்வாளர்கள் மாற்றி வைத்தும் பார்த்தார்கள். செல் அதைக் கவனிக்கவில்லை. பழைய திசையிலேயே போயிற்று. உள்ளே இருப்பது எது என்று பார்த்து அது தேர்வதில்லை. திசை பார்த்துத் தேர்கிறது.

இந்தத் திசைத் தேர்வுக்குக் காரணமான சில நூறு எழுத்து நீளமுள்ள வரிசையை ஹேபரும் அவர் குழுவைச் சேர்ந்த வூவும் 1996-ல் கண்டறிந்தார்கள். அது எச்.எம்.எல்.லுக்கு அருகே இருக்கிறது. ஏ செல்லில் எஃப்.கே.எச்.-1 என்ற புரதம் அதன்மீது அமர்ந்து, குரோமோசோமின் இடக்கையை வெட்டுப்பட்ட இடத்துக்கு அருகே கொண்டுவர உதவுகிறது. ஆல்ஃபா செல்லில் ஆல்ஃபாவின் அடக்கும் புரதம் அதே வரிசையைச் செயலிழக்க வைக்கிறது, வலக்கை வெல்கிறது. செல்லின் இன்றைய வகையே நாளைய வகைக்கான திசையைக் காட்டிவிடுகிறது.

தாய் மாறுவாள், மகள் மாறமாட்டாள்

வகைமாற்றத்தில் இன்னும் ஓர் ஒழுங்கு உண்டு. ஸ்ட்ராதெர்னும் ஹெர்ஸ்கோவிட்ஸும் 1979-ல், முளைக்கும் ஒவ்வொரு செல்லையும் நுண்ணோக்கியின்கீழ் பிரித்துப் பிரித்து வைத்து அதன் வம்சாவளியைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒருமுறையேனும் மொட்டுவிட்ட தாய்ச்செல் மட்டுமே வகை மாறியது. புதிதாகப் பிரிந்த மகள் செல் மாறவில்லை; தானும் ஒரு மகளைப் பெற்ற பிறகே அதற்கு அந்தத் திறன் வந்தது. டி.என்.ஏ. இரட்டிப்பதற்கு முன்பே தாய் மாறிவிடுவதால், அடுத்த பிரிவில் அவளும் அவளுடைய புது மகளும் ஒரே புது வகை. முதல் மகளும் அவளுடைய மொட்டும் பழைய வகை. ஒரு ஸ்போர் நான்கு செல்லாகும்போதே இரண்டு ஏ, இரண்டு ஆல்ஃபா அருகருகே தயார்.

டி.என்.ஏ. ஒன்றாகவே இருக்க, தாய்க்கும் மகளுக்கும் இந்த வேறுபாடு எப்படி? 1996-ல் நாஸ்மித், ஹெர்ஸ்கோவிட்ஸ் இருவரின் குழுக்களும் தனித்தனியே விடையைக் கண்டன. ஆஷ்-1 என்ற அடக்கும் புரதம் மகளின் உட்கருவில் குவிந்து, அங்கே எச்.ஓ. மரபணு இயங்காமல் தடுக்கிறது. அது மகளிடம் மட்டும் சேர்வதற்குக் காரணம், அதன் தூது ஆர்.என்.ஏ.வையே செல் மொட்டின் நுனிக்கு அனுப்பிவிடுவதுதான். ஆக்டின் இழைகளின் வழியே மயோசின் என்ற இயக்குப் புரதம் அதைச் சுமந்து செல்கிறது. நம் தசைகள் சுருங்க உதவும் மயோசினின் உறவுக்காரப் புரதம் அது. ராபர்ட் சிங்கரின் ஆய்வகம் 1998-ல் இந்த ஆர்.என்.ஏ.வை ஒளிரச் செய்து, உயிருள்ள செல்லுக்குள் அது நகர்வதைப் படம்பிடித்துக் காட்டியது.

தாய்ச்செல்லிலும் எச்.ஓ. எளிதில் இயங்கிவிடுவதில்லை. ஸ்வி-5 என்ற புரதம் முதலில் வந்து அமரவேண்டும். அது ஸ்விட்ச்-ஸ்னிஃப் என்ற பெரிய புரதக் கூட்டமைப்பை அழைக்கும். அந்தக் கூட்டமைப்பு டி.என்.ஏ.வைச் சுற்றியுள்ள ஹிஸ்டோன்களை நகர்த்தி வழிவிடும். பிறகு அசிட்டைல் ஏற்றும் நொதிகள் வரும். கடைசியாக, செல் சரியான பருவத்தில் இருக்கிறது என்று உறுதியான பின்பே மரபணு சிறிது நேரம் பேசும். உருவான நொதியும் விரைவில் சிதைக்கப்படும். தன் குரோமோசோமையே வெட்டும் கருவி என்பதால் இத்தனை காவல். ஏ, ஆல்ஃபா இரண்டும் இணைந்து இரட்டைமயம் ஆனதும், இரு வகைப் புரதங்களும் கைகோத்து எச்.ஓ. மரபணுவை அடக்கிவிடுகின்றன. நோக்கம் நிறைவேறிய பிறகு வெட்டு இல்லை.

வேறு வழிகளும் உண்டு

ஆப்பிரிக்கச் சிறுதானிய பீரிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட போம்பே என்ற பிளவு ஈஸ்ட்டும் வகை மாறுகிறது. அதற்கு எச்.ஓ. இல்லை. டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது மேட் பகுதியில் ஓர் இழையின்மீது ஒரு தடம் பதிகிறது. அந்த இழையைப் பெறும் வாரிசில்தான் மாற்றம் நிகழ்கிறது. ஆகவே நான்கு பேத்திகளில் ஒருத்தி மட்டும் மாறுகிறாள். இரண்டு டி.என்.ஏ. இழைகளும் சமமானவை என்ற எண்ணத்தை அசைத்த இந்த உண்மையை 1987-ல் எடுத்துரைத்தவர் அமர் கிளார். பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அவர், இரண்டு ஈஸ்ட்களின் கதையிலும் முன்வரிசையில் நிற்கிறார். இன்னும் சில ஈஸ்ட்கள், குரோமோசோமின் ஒரு நீண்ட பகுதியையே தலைகீழாகத் திருப்பி, ஒரு பிரதியைப் பேசும் இடத்துக்கும் மற்றொன்றை மௌன இடத்துக்கும் கொண்டுபோகின்றன. வழிகள் தனித்தனியே தோன்றியவை. ஆனாலும் ஒரு பிரதியைப் பேசவிட்டு இன்னொன்றை மௌனமாக வைப்பது எல்லாவற்றுக்கும் பொது.

ஈஸ்ட்டிலிருந்து மருத்துவமனைக்கு

இணைவகை மாற்றம் மனிதச் செல்களில் இல்லை. ஆனால் அதற்கு உதவும் கருவிகளில் பல நம்மிடமும் உள்ளன. ஸ்விட்ச்-ஸ்னிஃப் என்ற பெயரின் முதல் பாதியே ஈஸ்ட் வகைமாற்றத்திலிருந்து வந்தது. மனிதர்களில் அதற்கு இணையான கூட்டமைப்பின் மரபணுக்கள், புற்றுநோய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் பிறழ்ந்திருக்கின்றன. வெட்டுப்பட்ட முனையில் படியும் ராட்-51 நம் செல்களிலும் அதே வேலையைச் செய்கிறது. அதை உரிய இடத்தில் ஏற்றிவைப்பது பிஆர்சிஏ-2 என்ற புரதம். அதன் மரபணு பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களுக்கான அபாயம் கூடுகிறது. சர்-2 நொதிக்கு மனிதர்களில் ஏழு உறவினர்கள். அது செல்லின் ஆற்றல் வேதியியலில் பங்குபெறும் என்.ஏ.டி. மூலக்கூறைச் சார்ந்தே இயங்குகிறது என்று 2000-ல் தெரியவந்தது. அதன்பிறகு உணவு, முதுமை, மரபணு மௌனம் மூன்றையும் இணைத்துப் பார்க்கும் ஆய்வுத்துறையே விரிந்தது. மரபணுத் திருத்தம் என்று இன்று பேசப்படும் கிரிஸ்பர் தொழில்நுட்பத்திலும், குறித்த இடத்தில் வெட்டி, பக்கத்தில் வைத்த அச்சைப் பார்த்துச் செல்லையே திருத்தி எழுதச் செய்வது ஒரு முறை. எச்.ஓ. வெட்டில் பல பத்தாண்டுகள் கற்றவையே அதன் அடிப்படைப் பாடங்களில் அடங்கும்.

ஈஸ்ட்டின் இணைவகையை ஆராயத் தொடங்கியவர்கள் புற்றுநோயை மனத்தில் வைத்துத் தொடங்கவில்லை. ஒரு செல் தன் தாய்க்கு மாறான வகையாக எப்படி ஆகிறது என்று அறிய விரும்பினார்கள். உடனடிப் பயன் கேட்டு அந்தக் கேள்வியை நிறுத்தியிருந்தால், இந்த அறிவு நமக்கு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. அடிப்படை அறிவியலுக்குப் பணமும் காலமும் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஈஸ்ட்டைவிட நல்ல வழக்கறிஞர் கிடைப்பது கடினம்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ‘இன்ன குணத்துக்கான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற செய்தியை அடுத்தமுறை படிக்கும்போது, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்த மரபணு எந்தச் செல்லில் பேசுகிறது? எப்போது பேசுகிறது? அதை மௌனமாக்கும் ஏற்பாடு எது? இந்த மூன்றுக்கும் விடை சொல்லாத செய்தி, பாதிச் செய்திதான்.